தன் கூட்டத்தைக் கடிந்துகொள்ளும் தலைவர்



2008ஆம் ஆண்டு, அக்டோபர் மாதம் 10ஆம் தேதி. அமெரிக்க ஐக்கிய நாட்டின் மினசோட்டா மாநிலத்தில், லேக்வில் என்ற ஊரில் உள்ள பள்ளி ஒன்றில் தேர்தல் கூட்டம் நடக்கிறது. அரசுத்தலைவர் தேர்தலுக்கு இன்னும் நான்கு வாரங்கள்கூட இல்லை. குடியரசுக் கட்சியின் வேட்பாளர் ஜான் மெக்கெய்ன், தன் ஆதரவாளர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒருவர் எழுந்து, பராக் ஒபாமா அரசுத்தலைவராவதை நினைத்தாலே தனக்கு அச்சமாக இருக்கிறது என்கிறார். ஒபாமா கண்ணியமான மனிதர், அவரைக் கண்டு நீங்கள் அஞ்சத் தேவையில்லை என்று மெக்கெய்ன் பதில் சொல்கிறார். உடனே, அவரைப் பார்க்க வந்த அவருடைய கூட்டமே அவருக்கு எதிராகக் கூச்சலிடுகிறது.

சிறிது நேரத்தில் ஒரு பெண்மணி ஒலிவாங்கியைப் பிடிக்கிறார். ஒபாமாவை நம்ப முடியாது, அவரைப் பற்றிப் படித்திருக்கிறேன், அவர் ஓர் அரேபியர் என்கிறார். மெக்கெய்ன் தலையை அசைத்தபடி ஒலிவாங்கியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறார். இல்லை அம்மா, அவர் நல்ல குடும்பத் தலைவர், இந்த நாட்டின் குடிமகன், சில அடிப்படையான விடயங்களில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு உண்டு, அதற்காகத்தான் இந்தத் தேர்தல் என்ற பொருளில் பதில் தருகிறார்.

இந்த நிகழ்வு ஒரு சில நொடிகளில் முடிந்துவிட்டது. ஆனால், பத்து ஆண்டுகள் கழித்து, 2018ஆம் ஆண்டு மெக்கெய்ன் இறந்தபோது, உலகெங்கும் மக்கள் மீண்டும் பார்த்தது இந்தக் காட்சியைத்தான். தேர்தலில் அவரை வென்ற ஒபாமாவே, மெக்கெய்னின் சொந்த விருப்பத்தின்படி, அவருடைய இறுதிச் சடங்கில் உரையாற்றினார்.

எதிரணியைக் கண்டிப்பது அரசியல்வாதிகளுக்கு எளிது. மேடை கிடைத்தால் போதும், கைதட்டலும் தானாகக் கிடைத்துவிடும். தனக்கு வாக்களிக்கப்போகும் மக்கள், இன்னோர் இனத்தாரை இழிவாகப் பேசும்போது, அவர்கள் முகத்துக்கு நேராக, 'இது தவறு' என்று சொல்வதுதான் கடினம். அந்தக் கடினமான கடமையைப் பற்றி இன்று நாம் சிந்திப்போம்.

சமாரியர் ஊரில் ஒரு கடிந்துரை

இந்தக் கடமையை ஆண்டவர் இயேசுவே செய்துகாட்டியிருக்கிறார். லூக்கா நற்செய்தியின் 9ஆம் பிரிவில் அதைக் காண்கிறோம். இயேசு எருசலேமை நோக்கிப் பயணமாகிறார். வழியில் சமாரியர் ஊர் ஒன்றில் தங்க இடம் கேட்கிறார்கள். அவர் எருசலேமுக்குப் போகிறார் என்பதற்காகவே அந்த ஊரார் அவரை ஏற்றுக்கொள்ள மறுக்கிறார்கள். உடனே யாக்கோபும் யோவானும் கொதித்தெழுகிறார்கள். வானத்திலிருந்து தீ விழுந்து இவர்களை எரித்துவிடும்படி நாங்கள் சொல்லட்டுமா என்று ஆண்டவரிடமே அனுமதி கேட்கிறார்கள்.

யூதருக்கும் சமாரியருக்கும் இருந்த பகை ஒருநாளில் வந்ததல்ல. சமாரியர் புனிதமாகக் கருதிய கெரிசிம் மலைக் கோவிலை, கி.மு. 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் யூத ஆட்சியாளர் ஒருவர் இடித்துத் தரைமட்டமாக்கினார். அவர்கள் கலப்பினம், அவர்கள் வழிபாடு போலி, அவர்களோடு உண்பதும் பழகுவதும் தீட்டு என்ற எண்ணம் தலைமுறை தலைமுறையாக ஊட்டப்பட்டிருந்தது. எனவே, யாக்கோபும் யோவானும் கேட்டது அந்த நேரத்துக் கோபம் மட்டுமல்ல. பல நூற்றாண்டு வெறுப்பு, 'தலைவருக்கு அவமானம்' என்ற சாக்கில் வெளியே வந்தது.

அங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அவமதிக்கப்பட்டவர் இயேசு. கோபப்பட்டவர்கள் அவருடைய நெருங்கிய சீடர்கள். அவர்மீது கொண்ட பற்றினால்தான் அவர்கள் கோபப்பட்டார்கள். ஒரு சாதாரணத் தலைவர் என்ன செய்திருப்பார்? 'என் பிள்ளைகளுக்கு என்மீது எவ்வளவு பாசம்!' என்று உள்ளுக்குள் மகிழ்ந்து, வெளியே ஒன்றும் தெரியாதவர்போல் நடந்துபோயிருப்பார். இயேசுவோ திரும்பி நின்று, சமாரியரை அல்ல, தம் சீடர்களைக் கடிந்துகொள்கிறார். பிறகு வேறோர் ஊருக்குப் போகிறார்கள். தமக்கு இடம் தராத ஊரைவிட, தம்முடன் நடந்துவந்த வெறுப்பே அவருக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிந்தது.

அமைதியும் ஒரு பதில்தான்

ஒரு தலைவர் ஏன் பேச வேண்டும்? ஒவ்வொரு தொண்டரும் பேசுவதற்கெல்லாம் அவரா பொறுப்பு? இந்தக் கேள்வி நியாயமானதே. ஆயிரக்கணக்கானோர் கூடும் இடத்தில் யார் வாயில் என்ன வரும் என்று எந்தத் தலைவராலும் முன்கூட்டியே அறிய முடியாது. ஆனால், அவர் காதில் விழுந்த பிறகு அவர் என்ன செய்கிறார் என்பதற்கு அவரே பொறுப்பு.

ஏனெனில், தலைவரின் மௌனம் வெற்றிடம் அல்ல. அதை இரண்டு பேர் கேட்கிறார்கள். இழிசொல் பேசியவர் அதை அனுமதியாகக் கேட்கிறார். இழிசொல்லுக்கு ஆளானவர் அதைத் தீர்ப்பாகக் கேட்கிறார். முன்னவர் அடுத்தமுறை இன்னும் உரக்கப் பேசுவார். பின்னவர், இந்த நாட்டில் தமக்காகப் பேச யாருமில்லை என்று முடிவு செய்துகொள்வார்.

இதைத் தமிழர்களாகிய நாம் ஏட்டில் படித்து அறியத் தேவையில்லை. 1983ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் தேதி இரவு, யாழ்ப்பாணத்தின் திருநெல்வேலியில் நடந்த தாக்குதலில் 13 இராணுவ வீரர்கள் கொல்லப்பட்டனர். மறுநாள் இரவு கொழும்பில் தமிழருக்கு எதிரான வன்முறை தொடங்கியது. வீடுகளும் கடைகளும் எரிந்தன. வெலிக்கடைச் சிறையில் ஜூலை 25, 27 ஆகிய இரு நாள்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். நாட்டின் அரசுத்தலைவர் ஜே.ஆர். ஜெயவர்த்தன தொலைக்காட்சியில் மக்களுக்கு உரையாற்றியது ஜூலை 28ஆம் தேதிதான். அந்த உரையிலும், வீடிழந்து உறவிழந்து அகதிகளாய் நின்ற தமிழருக்கு ஓர் ஆறுதல் வார்த்தைகூட இல்லை. சிங்கள மக்களின் உணர்வுகளுக்கு அரசு செவிசாய்க்கும் என்பதையே அவர் வலியுறுத்தினார்.

அதே நாள்களில், உயிரைப் பணயம் வைத்துத் தமிழரைத் தங்கள் வீடுகளில் மறைத்துக் காப்பாற்றிய சிங்களக் குடும்பங்கள் பல. சாதாரண மக்களுக்கு இருந்த துணிவு, நாட்டின் உச்சியில் இருந்தவருக்கு இல்லாமல் போனது. 2004ஆம் ஆண்டு, அன்றைய அரசுத்தலைவர் சந்திரிகா குமாரதுங்க, 1983இல் நடந்தவற்றுக்காக நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 21 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த அந்த வார்த்தையை நாம் மதிக்கிறோம். ஆனால், முதல் நாளே வந்திருக்க வேண்டிய சொல் அது. அதற்குள் ஒரு போரே மூண்டு, பல்லாயிரம் உயிர்கள் போய்விட்டன.

வாக்கா, மனச்சான்றா?

மெக்கெய்னின் கதைக்குத் திரும்புவோம். அவர் எப்போதும் துணிவோடு பேசியவர் அல்லர். அதனால்தான் அவருடைய கதை நமக்குப் பயன்படுகிறது.

2000ஆம் ஆண்டிலும் அவர் அரசுத்தலைவர் வேட்பாளராக முயன்றார். தென் கரோலினா மாநிலத்தில் கட்சிக்குள் நடந்த வாக்கெடுப்பு அவருக்கு வாழ்வா சாவா என்ற நிலை. அந்த மாநிலத்தின் சட்டமன்றக் கட்டடத்தின்மேல், கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருப்பதற்காகப் பிரிந்துபோய்ப் போரிட்ட தென் மாநிலக் கூட்டமைப்பின் கொடி பறந்துகொண்டிருந்தது. அதைப் பற்றிக் கேட்டபோது, அது இனவெறியின், அடிமைத்தனத்தின் சின்னம் என்று முதலில் மனதில் பட்டதைச் சொன்னார். உடனே ஆதரவாளர்களிடையே சலசலப்பு. பிறகு, இரு தரப்பு உணர்வுகளும் தனக்குப் புரிகிறது என்று எழுதிவைத்த தாளைப் பார்த்து வாசித்தார்.

அந்தத் தேர்தலிலேயே இனவெறி அவருடைய வீட்டுக் கதவையும் தட்டியது. மெக்கெய்னின் மனைவி, 1991ஆம் ஆண்டு வங்காளதேசத்தில் அன்னை தெரேசா சபையினரின் இல்லத்திலிருந்து ஒரு பெண் குழந்தையைச் சிகிச்சைக்காகக் கொண்டுவந்தார். பிறகு அந்தக் குழந்தையைத் தங்கள் மகளாகவே அவர்கள் தத்தெடுத்துக்கொண்டனர். அந்தக் குழந்தையின் நிறத்தைச் சுட்டிக்காட்டி, மெக்கெய்னுக்கு முறைகேடாகப் பிறந்த கறுப்பினக் குழந்தை என்று தென் கரோலினாவில் வதந்தி பரப்பினார்கள். அவர் தோற்றுப்போனார்.

அதற்குப் பின் நடந்ததுதான் முக்கியம். இரண்டு மாதங்கள் கழித்து, 2000ஆம் ஆண்டு ஏப்ரலில், அவர் மீண்டும் தென் கரோலினாவுக்கே வந்தார். கொடியைப் பற்றி உண்மையைப் பேசினால் தோற்றுவிடுவேன் என்று அஞ்சினேன், அதனால் என் கொள்கையை விட்டுக்கொடுத்தேன் என்று எல்லாருக்கும் முன்பாக ஒப்புக்கொண்டார். வாக்குகளை எண்ணி வாயை மூடிக்கொண்டவருக்கு, வாக்கும் கிடைக்கவில்லை, மனநிறைவும் கிடைக்கவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து லேக்வில் பள்ளியில் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டவர், இந்தப் பாடத்தைப் படித்திருந்தவர்.

அந்தக் கொடி என்னவாயிற்று? 2000ஆம் ஆண்டில் கட்டடத்தின் உச்சியிலிருந்து இறக்கப்பட்டு, அதே வளாகத்தில் வேறோர் இடத்தில் ஏற்றப்பட்டது. 2015ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் தேதி, சார்ல்ஸ்டன் நகரில் கறுப்பின மக்களின் ஆலயம் ஒன்றில் விவிலியம் படித்துக்கொண்டிருந்த ஒன்பது பேரை, வெள்ளை இன வெறி பிடித்த ஓர் இளைஞன் சுட்டுக்கொன்றான். அதே கொடியைக் கையில் ஏந்தி அவன் எடுத்துக்கொண்ட படங்கள் வெளியாயின. அப்போது மாநில ஆளுநராக இருந்தவர் நிக்கி ஹேலி. பஞ்சாபிலிருந்து குடியேறிய சீக்கியக் குடும்பத்தின் மகள். அந்தக் கொடியைத் தங்கள் பாரம்பரியம் என்று போற்றிய பலர் அவருடைய கட்சியின் வாக்காளர்களே. ஆயினும், கொடியை அகற்ற வேண்டும் என்று அவர் வெளிப்படையாகக் கேட்டார். அவரும் அதற்கு முன் அந்தக் கொடியை அகற்ற முனைந்தவர் அல்லர். ஜூலை 10ஆம் தேதி கொடி இறங்கியது. ஒன்பது பேரின் இரத்தம் சிந்தப்பட்ட பிறகே அந்தச் சொல் பிறந்தது என்பது நம்மை வருத்துகிறது. தலைவர்கள் பேசத் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வேறு யாரோ விலை கொடுக்கிறார்கள்.

குறையைக் கேட்பது வேறு, வெறுப்பை வளர்ப்பது வேறு

இங்கே ஒரு மறுப்பு எழலாம். மக்களுக்கு உண்மையான குறைகள் இருக்கின்றனவே? வேலை இல்லை, வீட்டு வாடகை ஏறுகிறது, வெளியிலிருந்து வருவோரால் தங்கள் வாழ்வு பறிபோகிறது என்று அஞ்சுகிறவர்களை இனவெறியர் என்று ஒதுக்கிவிடலாமா?

ஒதுக்கிவிடக் கூடாது. தலைவர் அவர்கள் குறையைக் கேட்க வேண்டும். ஆனால், குறையையும் வெறுப்பையும் பிரித்துக் காட்ட வேண்டியதும் அவருடைய கடமை. பிரிட்டனில் 1968இல் நடந்த ஒரு நிகழ்வு இதை விளக்கும். அந்த ஆண்டு ஏப்ரல் 20ஆம் தேதி, கன்சர்வேட்டிவ் கட்சியின் முன்னணித் தலைவர்களுள் ஒருவரான ஈனாக் பவல், பர்மிங்காம் நகரில் உரையாற்றினார். இந்தியா, பாகிஸ்தான், மேற்கிந்தியத் தீவுகள் போன்ற இடங்களிலிருந்து குடியேறுவோரால் நாட்டில் இரத்தம் ஓடும் என்ற அச்சத்தைக் கிளப்பும் உரை அது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கட்சித் தலைவர் எட்வர்ட் ஹீத், திங்கள் வரும்வரை காத்திருக்கவில்லை. தொலைபேசியில் அழைத்து, பவலைத் தன் தலைமைக் குழுவிலிருந்து நீக்கினார். அந்த உரை இனவாதத் தொனி கொண்டது, இனப் பதற்றத்தை வளர்க்கக்கூடியது என்பதே அவர் தந்த காரணம்.

ஹீத்துக்கு இதனால் பெயர் கிடைக்கவில்லை. இரண்டு நாள்களில் இலண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் பவலுக்கு ஆதரவாக வேலைநிறுத்தம் செய்து நாடாளுமன்றத்தை நோக்கி ஊர்வலம் போனார்கள். அந்த மாதக் கருத்துக்கணிப்பு ஒன்றில், 74 விழுக்காட்டினர் பவல் சொன்னதை ஏற்பதாகக் கூறினர். நூற்றுக்கு எழுபத்து நான்கு! இப்படிப்பட்ட எண்ணைப் பார்த்த பிறகும் தன் முடிவிலிருந்து பின்வாங்காத அரசியல்வாதிகள் எத்தனை பேர்?

ஹீத்தும் குடியேற்றத்துக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று கருதியவரே. அவருடைய ஆட்சியில் 1971ஆம் ஆண்டு அதற்கான சட்டமும் வந்தது. ஆக, அவருக்கும் பவலுக்கும் இருந்த வேறுபாடு, எத்தனை பேர் வரலாம் என்ற கணக்கில் மட்டும் இல்லை. வந்துவிட்ட மனிதரை மனிதராகப் பார்ப்பதா, ஆபத்தாகப் பார்ப்பதா என்பதில் இருந்தது. 1972ஆம் ஆண்டு ஆகஸ்டில், உகாண்டாவின் சர்வாதிகாரி இடி அமீன், அங்கு வாழ்ந்த ஆசிய மக்கள் 90 நாள்களில் வெளியேற வேண்டும் என்று கட்டளையிட்டார். அவர்களுள் பெரும்பாலோர் இந்திய வம்சாவளியினர். பவல் அவர்களை ஏற்கக் கூடாது என்று எதிர்த்தார். அப்போது பிரதமராக இருந்த ஹீத்தின் அரசு, ஏறக்குறைய 28,000 பேருக்குக் கதவைத் திறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் சொன்ன சொல், நான்கு ஆண்டுகள் கழித்துச் செயலாகவும் நின்றது.

எப்படிப் பேச வேண்டும்?

இந்த நிகழ்வுகளிலிருந்து, ஒரு தலைவர் எப்படிப் பேச வேண்டும் என்பதற்குச் சில பாடங்களை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, உடனே பேச வேண்டும். தீ பிடித்த அன்று ஒரு குடம் தண்ணீர் போதும். ஐந்தாம் நாள் ஆறே வந்தாலும் சாம்பலைத்தான் நனைக்கும்.

இரண்டாவது, தன் மக்கள் முன்னிலையில், அவர்களைப் பார்த்தே பேச வேண்டும். எதிரணியினர் கண்டித்தால், அது அரசியல் என்று தள்ளிவிடுவார்கள். பத்திரிகை கண்டித்தால், விலைபோன பத்திரிகை என்பார்கள். தங்கள் தலைவரே கண்டித்தால் அப்படித் தள்ள முடியாது. அந்தக் கூட்டத்தின் காது அவருக்கு மட்டுமே திறந்திருக்கிறது. வேறு யாராலும் செய்ய முடியாத பணி என்பதால்தான், அது அவருடைய கடமை ஆகிறது.

மூன்றாவது, சுற்றி வளைக்காமல் பேச வேண்டும். 'எல்லா வகை வன்முறையையும் கண்டிக்கிறோம்', 'இரு பக்கமும் தவறு இருக்கிறது' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது, பேசியதுபோலக் கணக்குக் காட்டுவதற்கே உதவும். யார், யாருக்கு, என்ன தீங்கு செய்தார் என்பதைப் பெயர் சொல்லிச் சொன்னால்தான் கடிந்துரை ஆகும்.

நான்காவது பாடம் இன்னும் நுட்பமானது. மெக்கெய்ன் அன்று சொன்ன பதிலிலேயே ஒரு குறை இருந்தது. 'அவர் அரேபியர்' என்றதற்கு, 'இல்லை, அவர் நல்லவர்' என்றால், அரேபியர் நல்லவராக இருக்க முடியாது என்றா பொருள்? மெக்கெய்ன் அதை எண்ணிச் சொல்லவில்லை. ஆனாலும், கேட்ட அரபு மக்களின் மனம் அந்த இடத்தில் நெருடியிருக்கும். ஒன்பது நாள்கள் கழித்து, அதே கட்சியைச் சேர்ந்த முன்னாள் வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் இதைப் போன்ற ஒன்றைத் தொட்டுப் பேசினார். ஒபாமா முஸ்லிம் என்று தன் கட்சியினரே பேசுவதைக் குறிப்பிட்டு, அவர் முஸ்லிம் அல்ல, கிறிஸ்தவர் என்பது சரியான பதில், ஆனால் அதைவிடச் சரியான பதில், முஸ்லிமாக இருந்தால்தான் என்ன என்பதே என்றார். ஈராக்கில் நாட்டுக்காக உயிர்நீத்த 20 வயது முஸ்லிம் வீரர் ஒருவரின் கல்லறையில், அவருடைய தாய் தலைசாய்த்திருந்த படத்தை நினைவுகூர்ந்தார். ஒரு தனி மனிதரைப் பழியிலிருந்து காப்பது நல்லது. ஓர் இனத்தின் பெயரே பழிச்சொல்லாவதைத் தடுப்பது அதனினும் நல்லது.

ஐந்தாவது, விலை கொடுக்க ஆயத்தமாக வேண்டும். எந்த இழப்பும் வராத நேரத்தில் மட்டும் பேசும் நீதிக்கு எடை குறைவு.

திருஅவைக்கும் இதே கடமை

அரசியல்வாதிகளை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விட முடியாது. கூட்டத்தை வழிநடத்தும் எல்லாருக்கும், திருஅவையின் மேய்ப்பர்களுக்கும் இந்தக் கடமை உண்டு.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் உயர்மறைமாவட்டத்தில், கறுப்பினக் கத்தோலிக்கர் ஆலயத்தின் பின்வரிசையில் அமர வேண்டும், நற்கருணையையும் கடைசியில் வாங்க வேண்டும் என்ற வழக்கம் இருந்தது. பேராயர் யோசப் ரம்மல், 1953இல் எழுதிய சுற்றுமடலில் இந்தப் பாகுபாட்டுக்கு முடிவுகட்டச் சொன்னார். 1955இல், ஜெசுயிட் பெண்ட் என்ற ஊரில், திருப்பலி நிறைவேற்ற வந்த கறுப்பின அருள்பணியாளரை மக்கள் தடுத்துத் திருப்பி அனுப்பியபோது, அந்தச் சிற்றாலயத்தில் வழிபாடுகளையே அவர் நிறுத்திவைத்தார். 1962இல் கத்தோலிக்கப் பள்ளிகளில் எல்லா இனப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்க வேண்டும் என்று ஆணையிட்டார். அதை எதிர்த்து மக்களைத் தூண்டிவிட்ட மூவரை, திருஅவையின் ஒன்றிப்பிலிருந்து விலக்கினார். அவர்களுள் ஒருவர் அந்தப் பகுதியையே தன் கைக்குள் வைத்திருந்த அரசியல்வாதி லியாண்டர் பெரஸ். அப்போது பேராயருக்கு வயது 85. எதிர்த்தவர்கள் எல்லாரும் அவருடைய சொந்த மந்தையைச் சேர்ந்தவர்கள், அவருக்குக் காணிக்கை கொடுத்தவர்கள்.

2020ஆம் ஆண்டு மே மாதம், அதே மினசோட்டா மாநிலத்தின் மினியாப்பொலிஸ் நகரில், கறுப்பினத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபிளாய்ட் காவல்துறையினரின் பிடியில் உயிரிழந்தார். ஜூன் 3ஆம் தேதி புதன் மறைக்கல்வி உரையின்போது திருத்தந்தை பிரான்சிஸ், மனித உயிரின் புனிதத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டே இனவெறிக்குக் கண்களை மூடிக்கொள்ள நம்மால் இயலாது என்று நினைவூட்டினார். உயிரைக் காக்கும் திருஅவைக்கு, இனவெறி வேறு யாருடைய பிரச்சனையோ அல்ல.

நாமும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறோம்

அன்பார்ந்தவர்களே, இதுவரை தலைவர்களைப் பற்றியே பேசினோம். இனி, நம்மைப் பற்றி ஒரு வார்த்தை. நம்முள் பெரும்பாலோர் தலைவர்கள் அல்லர், ஆதரவாளர்கள். லேக்வில் பள்ளியில் நாம் இருந்திருந்தால் எங்கே நின்றிருப்போம்? தலைவர் உண்மையைச் சொன்னபோது கைதட்டியிருப்போமா, கூச்சலிட்டிருப்போமா? நல்லதைச் சொல்லும் தலைவரை நாமே கூச்சலிட்டு அடக்கிவிட்டு, நாட்டில் நல்ல தலைவர்கள் இல்லையே என்று அழுவதில் பொருளில்லை.

நம் ஊர்க் கட்டடங்களிலும் உணவகங்களிலும் ஆலைகளிலும் வடமாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் உழைக்கிறார்கள். அவர்களை ஒட்டுமொத்தமாகக் குறிக்க ஓர் இளக்காரச் சொல் நம் நாக்கில் எளிதாக வருகிறது. ஒரு திருட்டு நடந்தால், விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதி, வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிடுகிறோம். இனத்தின் பெயரால் நடப்பதை எளிதில் கண்டிக்கும் நாம், சாதியின் பெயரால் நடப்பதைக் கண்டால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். கல்லறையிலும் சுவர் எழுப்பிப் பிரித்த வரலாறு தமிழகத் திருஅவைக்கு உண்டு என்பதை நாம் மறைக்க முடியாது. பிறப்பை வைத்து ஒரு மனிதரைத் தாழ்த்துவது, நிறத்தின் பெயரால் வந்தாலும், சாதியின் பெயரால் வந்தாலும், கடவுளின் சாயலுக்குச் செய்யும் அவமதிப்புதான்.

நம் குடும்பத்தில் பெரியவர்கள், அன்பியத்தில் பொறுப்பாளர்கள், பங்குப்பேரவையில் உறுப்பினர்கள், இளையோர் குழுவில் வழிகாட்டிகள் என்று நம் ஒவ்வொருவருக்கும் பின்னால் நான்கு பேராவது இருக்கிறார்கள். அவர்கள் முன்னிலையில் இழிசொல் ஒன்று பேசப்படும்போது, நம் முகத்தைத்தான் அவர்கள் முதலில் பார்ப்பார்கள். சிரித்துவைத்தால், அது அவர்களுக்கு அனுமதி. 'அப்படிப் பேசாதீங்க' என்று அமைதியாகச் சொன்னால், அதுவும் அவர்கள் மறக்காத பாடம். தேர்தல் வரும்போதும் நாம் ஒன்றைப் பார்க்கலாம். இந்த வேட்பாளர் எதிரணியைக் கண்டித்தாரா என்று மட்டும் பார்க்காமல், தன் பக்கத்து வெறுப்பை ஒருமுறையாவது கண்டித்தாரா என்று பார்த்து வாக்களிக்கலாம்.

கடிந்துரை உறவை முறித்துவிடுமே என்ற அச்சம் நமக்கு வரலாம். சமாரியர் ஊரில் கடிந்துகொள்ளப்பட்ட யோவானுக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்பதைத் திருத்தூதர் பணிகள் 8ஆம் பிரிவு சொல்கிறது. சமாரியர் இறைவார்த்தையை ஏற்றுக்கொண்டனர் என்ற செய்தி எருசலேமுக்கு எட்டியபோது, திருத்தூதர்கள் அங்கே அனுப்பிய இருவருள் ஒருவர் பேதுரு. மற்றவர், இதே யோவான். வானத்திலிருந்து தீயை வரவழைத்து அவர்களை அழிக்கக் கேட்டவர், அவர்கள்மேல் கைகளை வைத்து, தூய ஆவியார் அவர்கள்மீது இறங்கி வர மன்றாடினார். திரும்பும் வழியில் சமாரியரின் பல ஊர்களில் நற்செய்தியை அறிவித்துக்கொண்டே வந்தார்கள். அன்று இயேசு சீடரின் மனம் நோகுமே என்று வாய்மூடி நடந்திருந்தால், யோவான் இந்த ஊர்களுக்கு வந்திருப்பாரா?

தம் மக்களைக் கடிந்துகொள்ளும் துணிவை நம் தலைவர்களுக்கும், கடிந்துகொள்ளப்படும்போது அதை ஏற்றுக்கொள்ளும் பணிவை நமக்கும் இறைவன் தந்தருள மன்றாடுவோம். நிறத்தாலும் பிறப்பாலும் மொழியாலும் இழிவுபடுத்தப்பட்டு, தங்களுக்காக ஒரு குரல் எழாதா என்று காத்திருக்கும் எல்லாருக்காகவும் செபிப்போம். அந்தக் குரல் நம்மிடமிருந்தே எழ, தூய ஆவியார் நம் நாவைத் தொடுவாராக.